தலைகீழாக்காமலும் வகுக்கலாம்

கேள்வி: பின்னங்களை வகுக்க இரண்டாவதைத் தலைகீழாக்கிப் பெருக்குகிறோம். அப்படிச் செய்யாமல் வகுக்க முடியாதா?
– ஒரு மாணவி, வடக்கனந்தல்

பதில்: தாராளமாக முடியும். இரண்டின் பகுதிகளையும் சமமாக்குங்கள். பிறகு தொகுதியைத் தொகுதியால் வகுத்தால் போதும். 3/4 ÷ 2/5 என்பது 15/20 ÷ 8/20. இருபதில் ஒரு பங்கைப் பழந்தமிழ்க் கணக்கில் 'மா' என்பார்கள். 15 மாவில் 8 மா எத்தனை முறை அடங்கும்? 15/8 முறை. அளவு ஒன்றாகிவிட்டால் எண்ணிக்கையை வகுப்பதுதான் மிச்சம்.

1/320 என்ற முந்திரியிலும் இப்படித்தான். கால் என்பது 80 முந்திரி. காணி (1/80) என்பது 4 முந்திரி. காலைக் காணியால் வகுத்தால் 20.

தலைகீழ் விதியும் இதே விடையைத் தரும். ஆனால் காரணம் புரிவது இந்த வழியில்தான். முதலில் இதைப் பழகுங்கள். விதி தானாக விளங்கும்.