வேலை மாறும், எண் மாறாது

காண்டிராக்ட் வேலை நிலையில்லாதது. இந்த ஆண்டு ஓர் ஆலை. அடுத்த ஆண்டு வேறு ஆலை. இப்படி 12 ஆண்டு உழைத்தவருக்கு முதுமையில் பென்ஷன் கிடைக்குமா?

கிடைக்கும். ஆனால் பி.எப். பிடித்த வேலையில் மொத்தம் 10 ஆண்டு சேர்ந்திருக்க வேண்டும். அப்போதுதான் 58 வயதில் மாதப் பென்ஷன் வரும்.

வேலை விடும்போதெல்லாம் சிலர் பென்ஷன் பணத்தையும் எடுத்துவிடுகிறார்கள். அதோடு உழைத்த ஆண்டுகளும் போய்விடும். மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டும்.

பி.எப். தொழிலாளிக்கு 12 இலக்க யு.ஏ.என். எண் உண்டு. இது 2014இல் வந்தது. எங்கே போனாலும் அதே எண்தான். புதிய காண்டிராக்டரிடம் அதையே கொடுங்கள். பழைய கணக்கைப் புதிய கணக்கோடு சேருங்கள்.

பேசுவோம்: உங்கள் சம்பளத்தில் பி.எப். பிடிக்கிறார்களா?

எழுதுவோம்: உங்கள் எண்ணை நோட்டில் எழுதி வையுங்கள்.