கண்புரை அறுவைக்குப் பின்: பொறுத்திருக்க வேண்டியதும் பொறுக்கக் கூடாததும்

கண்புரை அறுவை செய்துகொண்டு வீடு திரும்பும் முதியோர் பலர், பார்வையில் குறை தோன்றினாலும் வாய் திறந்து சொல்வதில்லை. "வயதாகிவிட்டது, இவ்வளவுதான் தெரியும்" என்று தாமே முடிவு செய்துகொள்கின்றனர். வேறு சிலரோ சிறு உறுத்தலுக்கே அறுவை கெட்டுவிட்டது என அஞ்சுகின்றனர். மருத்துவமனைக்கு ஒருமுறை வந்து செல்ல ஒரு நாள் கூலியும், துணைக்கு ஓர் ஆளும் தேவைப்படும் நம் ஓமந்தூர், திண்டிவனம் வட்டாரத்தில், எந்தக் குறைக்குப் பொறுக்கலாம், எதற்கு உடனே புறப்பட வேண்டும் என்பதை நோயாளியும் வீட்டாரும் அறிந்திருப்பது இன்றியமையாதது.

கண்ணினுள் இருக்கும் இயற்கை லென்ஸ் கலங்கி ஒளியை மறைப்பதே கண்புரை. அறுவையில் அதை அகற்றி, அது இருந்த மெல்லிய உறைக்குள் செயற்கை லென்ஸ் ஒன்றை வைக்கின்றனர். இம்முறை 1949-இல் லண்டனில் ஹெரால்டு ரிட்லி என்னும் மருத்துவரால் தொடங்கப்பட்டது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைச் சார்ந்த ஆரோலேப் 1992 முதல் குறைந்த விலையில் லென்ஸ் தயாரிக்கத் தொடங்கியதும் அது எளியோருக்கும் எட்டியது. அதற்கு முன் அறுவை செய்தவர்கள் தடித்த சோடாபுட்டிக் கண்ணாடியை நம்பியே வாழ்ந்தனர்.

பொறுத்திருக்க வேண்டியவை

முதல் சில நாள்களில் லேசான சிவப்பு, மணல் விழுந்தாற்போன்ற உறுத்தல், நீர் வடிதல், மங்கல் ஆகியவை இயல்பு. வெள்ளை நிறம் சற்று நீலம் கலந்து தெரியலாம். பழுத்து மஞ்சளித்த பழைய லென்ஸ் நீங்கியதே இதற்குக் காரணம். விளக்கைச் சுற்றி வளையம் தெரிவதும், பார்வையின் ஓரத்தில் பிறை போன்ற நிழல் தோன்றுவதும் பெரும்பாலும் சில வாரங்களில் குறைந்துவிடும். மரக்காணம் உப்பளம் போன்ற கண்கூசும் வெயிலில் கறுப்புக் கண்ணாடி அணிவது நலம். நெல் தூற்றுமிடம், அடுப்புப் புகை ஆகியவற்றை மருத்துவர் சொல்லும் காலம்வரை தவிர்க்கவும்.

வழக்கமாக வைக்கப்படும் லென்ஸ் தூரத்துப் பொருளைத் தெளிவாகக் காட்டும். படிக்கவும் ஊசியில் நூல் கோக்கவும் கண்ணாடி வேண்டும். இது அறுவையின் குறையன்று. கண் ஆறிய பின், ஏறத்தாழ 4 முதல் 6 வாரங்களில், அளவு பார்த்துக் கண்ணாடி பெறலாம். ஒரு கண்ணில் மட்டும் அறுவை முடிந்தவர்களுக்கு ஆழம் சரியாகப் புலப்படாது. படிகளிலும் கிணற்றடியிலும் கைபிடித்து நடத்துங்கள்.

மருத்துவரிடம் காட்ட வேண்டியவை

நன்றாகத் தெரிந்த பார்வை சில வாரங்களில் மீண்டும் மங்கினாலோ, நேர்க்கோடுகள் வளைந்து தெரிந்தாலோ, விழித்திரையின் நடுப்பகுதி வீங்கியிருக்கலாம். நீரிழிவு உள்ளோருக்கு இது கூடுதலாக வரும். காலத்தில் காட்டினால் பெரும்பாலும் மருந்தால் தணியும்.

சில மாதங்களோ ஆண்டுகளோ கழித்து மெல்ல மெல்லப் பனி மூடினாற்போல் மங்கினால், "புரை மீண்டும் வளர்ந்துவிட்டது" என்பர். புரை மீண்டும் வருவதில்லை. லென்சைத் தாங்கும் உறையின் பின்புறம் கலங்குவதே இதற்குக் காரணம். யாக் லேசர் ஒளியால் அதில் சிறு வழி திறந்துவிடுவர். கத்தி இல்லை, தையல் இல்லை, சில நிமிடங்களில் முடியும், அன்றே வீடு திரும்பலாம். இதை அறியாமல் ஆண்டுக்கணக்கில் இருளில் இருப்பது வீண் துன்பம்.

ஒரு பொழுதும் தாமதிக்கக் கூடாதவை

• நாளுக்கு நாள் கூடும் வலி, கூடும் சிவப்பு, குறையும் பார்வை, சீழ்
• மின்னல் வெட்டினாற்போன்ற ஒளி, திடீரெனப் பல கரும்புள்ளிகள் மிதத்தல்
• பார்வையின் ஒருபுறம் திரை இறங்கினாற்போல் மறைதல்

முதலாவது கிருமித்தொற்றாக இருக்கலாம். மற்றவை விழித்திரை கிழிவதன் அல்லது விலகுவதன் அறிகுறிகளாகலாம். 2008-இல் அன்றைய விழுப்புரம் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் நடந்த முகாமின் வழியே அறுவை செய்துகொண்டோரில் 60-க்கும் மேற்பட்டோர் தொற்றால் அக்கண்ணின் பார்வையை இழந்ததை நாம் மறக்கலாகாது. தொற்று அரிதே. ஆயினும் வந்துவிட்டால் ஒவ்வொரு மணி நேரமும் பார்வையின் விலை. விடியட்டும் என்று காத்திராமல் அறுவை செய்த மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அது தொலைவெனில், முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, புதுச்சேரி ஜிப்மர் போன்று கண் பிரிவுள்ள இடத்தை அடையுங்கள்.

வீட்டார் கவனத்துக்கு

சொட்டு மருந்திடுமுன் சோப்பிட்டுக் கை கழுவுங்கள். கீழிமையைத் தாழ்த்தி ஒரு சொட்டு விட்டால் போதும். புட்டியின் முனை கண்ணில் படலாகாது. இரு மருந்துகளுக்கிடையே 5 நிமிட இடைவெளி விடுங்கள். தாய்ப்பால், விளக்கெண்ணெய், நந்தியாவட்டைச் சாறு எதையும் கண்ணில் விடாதீர்கள். தீர்ந்த சொட்டு மருந்தைத் தாமே கடையில் மீண்டும் வாங்கிவிடுவதும் தீது. ஸ்டீராய்டு கலந்த மருந்து நாள்பட்டால் கண்ணின் அழுத்தத்தைக் கூட்டிப் பார்வை நரம்பைக் கெடுக்கக்கூடும்.

நாள்தோறும் காலையில் தினசரி நாட்காட்டியின் முன் பெரியவரை நிறுத்துங்கள். ஒரு கண்ணை அழுத்தாமல் உள்ளங்கையால் மறைத்து, மறுகண்ணால் தேதியைப் படிக்கச் சொல்லுங்கள். பின் கண்ணை மாற்றுங்கள். இரு கண்களும் திறந்திருக்கையில் ஒன்றின் குறையை மற்றது மறைத்துவிடும். நேற்றுத் தெரிந்த எழுத்து இன்று தெரியவில்லை என்றால், அது முதுமை என்று விட்டுவிடாதீர்கள். எங்களிடம் அழைத்து வாருங்கள்.