ஆலய நிர்வாகத்திற்குக் கட்டற்ற மென்பொருள்

திண்டிவனம், வந்தவாசி, ஆரணி வட்டாரச் சிற்றூர்களில் வாழ்ந்த நம் சமுதாயக் குடும்பங்கள் பல, தொழில் நிமித்தம் சென்னைக்குக் குடிபெயர்ந்துவிட்டன. சிறுசேரி சிப்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்காவில் பணிபுரியும் இளைஞர்கள் வாடகை வீடு மாறுந்தோறும் அவர்தம் முகவரியும் மாறுகிறது. ஊர் ஜினாலயப் பதிவேட்டிலோ தந்தையாரின் பழைய முகவரியே நிற்கிறது. விழா அழைப்பிதழ் உரியவரைச் சேர்வதில்லை. நாளடைவில் ஊர்த் தொடர்பே அறுந்துபோகிறது. இக்குறையை நீக்கக் கணிப்பொறி எவ்வாறு உதவும் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

பிறர் கண்ட வழி

கிறித்தவத் திருச்சபைகளும் இதே தேவையை உணர்ந்தன. சபைக் குடும்பங்கள், காணிக்கைகள், ஞாயிறு பள்ளி மாணவர், நிகழ்ச்சிகள் ஆகியவற்றை ஒருங்கே பதிந்து வைக்கச் ‘சர்ச்சிஆர்எம்’ என்னும் மென்பொருளைத் தன்னார்வலர்கள் உருவாக்கியுள்ளனர். ‘இன்ஃபோசென்ட்ரல்’ என்பதிலிருந்து ‘சர்ச்இன்ஃபோ’வும், அதிலிருந்து இதுவும் கிளைத்தன. ஒருவர் எழுதியதை மற்றவர் எடுத்து வளர்க்க உரிமை இருந்தமையால்தான் இது இயன்றது.

இதன் அமைப்பு எளியது. ஒவ்வொரு குடும்பத்திற்கும் ஓர் எண். உறுப்பினர்களும் நன்கொடைகளும் அவ்வெண்ணுடன் இணைக்கப்படுகின்றன. முகவரியை ஓரிடத்தில் திருத்தினால் போதும். அழைப்பிதழ்ப் பட்டியலிலும் ரசீதிலும் அது திருந்திவிடும்.

‘கட்டற்ற’ என்பதன் பொருள்

1983-இல் ரிச்சர்டு ஸ்டால்மன் அறிவித்த ‘குனு’ திட்டத்திலிருந்து இவ்வியக்கம் வளர்ந்தது. எந்நோக்கத்திற்கும் பயன்படுத்தல், மூலநிரலைப் படித்து மாற்றுதல், படியெடுத்துப் பகிர்தல், திருத்திய வடிவத்தையும் பகிர்தல் ஆகிய நான்கு உரிமைகளும் உள்ளதே கட்டற்ற மென்பொருள். எனவே இலவசம் வேறு, கட்டற்றது வேறு. மூலநிரல் மறைக்கப்பட்ட மென்பொருளை இலவசமாகவே பெற்றாலும், அதனை விற்ற நிறுவனம் மூடப்பட்டால் நம் பதிவேடு பூட்டிய பெட்டிக்குள் சிக்கிக்கொள்ளக்கூடும். மூலநிரல் கையில் இருப்பின் வேறொரு வல்லுநர் அதனைத் தொடர்ந்து பேணலாம். ‘ஞாயிறு பள்ளி’ என்றிருப்பதை நம் வழக்கிற்கேற்ப மாற்றியமைக்கவும் செய்யலாம்.

இத்துறை நமக்கு அயலானதன்று. கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையம் 2005-இல் நிறுவப்பட்டபோது அதில் பங்கேற்றவை சென்னை சி-டாக் நிறுவனமும், குரோம்பேட்டையிலுள்ள ஏயு-கேபிசி ஆய்வு மையமுமே. அம்முயற்சியின் பயனாகப் ‘பாஸ்’ என்னும் இயங்குதளம் 2007-இல் வெளிவந்தது.

நம் மரபிலும் இதற்கு இணையான அறம் உண்டு. பத்தாம் நூற்றாண்டில் கன்னட நாட்டு அத்திமப்பை அம்மையார் பொன்னகவியின் சாந்தி புராணத்தை ஆயிரம் படிகள் எடுப்பித்து வழங்கினார். பகிர்வதால் நூல் குறைவதில்லை என்பதே சாத்திர தானத்தின் உட்பொருள்.

கவனிக்க வேண்டியவை

1. உரிமக் கட்டணம் இல்லை என்பதால் செலவே இல்லை எனக் கருதலாகாது. கணிப்பொறி, இணைய வழங்கி, பேணுவோரின் உழைப்பு ஆகியவை தேவை.

2. மூலநிரல் பொதுவாயினும் குடும்ப விவரங்கள் பொதுவல்ல. நன்கொடைக் கணக்கைப் பொருளாளர் போன்ற பொறுப்பாளர் மட்டுமே காணுமாறு அனுமதியை வரையறுத்தல் வேண்டும். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பதினெட்டு வயது நிரம்பாதோர் விவரங்களுக்குப் பெற்றோர் ஒப்புதலைக் கோருகிறது.

3. கடவுச்சொல் ஒருவரிடமே இருத்தல் கூடாது. அவர் வெளிநாடு சென்றாலோ மறைந்தாலோ பதிவேடு முழுவதும் பயனற்றுப் போகும்.

4. பதிவுகளின் படியை மாதந்தோறும் எடுத்து வேறோரிடத்தில் வைத்தல் வேண்டும்.

தொடங்கும் முறை

முதலில் ஓர் ஊரின் குடும்பங்களை மட்டும் ‘லிப்ரே ஆபிஸ்’ என்னும் கட்டற்ற மென்பொருளின் அட்டவணையில், யூனிகோடு தமிழில் பதியுங்கள். வரவு செலவிற்கு இரட்டைப் பதிவு முறையிலமைந்த ‘குனுகேஷ்’ உதவும். ஓராண்டு பழைய கையேட்டையும் உடன் எழுதி, இரண்டும் ஒத்துவருகின்றனவா எனச் சரிபார்த்த பின்னரே முழு மென்பொருளுக்கு மாறுதல் நன்று.

இளைஞர் கணிப்பொறியை அறிவர். எக்குடும்பம் எவ்வூரினது, யார் யாருக்கு உறவு என்பதைப் பெரியோர் அறிவர். பெரியோர் சொல்ல இளையோர் பதியும் பணியை இவ்விடுமுறையிலேயே தொடங்குதல் நலம். சொல்வோர் நம்மிடையே இருக்கும்போதே அது நிறைவேற வேண்டும்.