கை வேகமா, கணக்கா?

சீட்டு வித்தைக்குக் கை வேகம் வேண்டும் என்று பெரணமல்லூரில் மட்டுமா, எல்லா ஊரிலும்தான் நம்புகிறார்கள். அதனால்தான் வித்தைக்காரர் விரலை விட்டு நம் கண் அகல்வதில்லை. மேடையில் காட்டும் பல வித்தைகளுக்கு அது உண்மையும்கூட. திண்ணையில் பிள்ளைகள் காட்டும் 21 சீட்டு வித்தைக்கோ, விரல் நடுங்கினாலும் பாதகமில்லை.

மூன்று வரிசையாக, வரிசைக்கு ஏழு சீட்டு. நினைத்த சீட்டு எந்த வரிசையில் என்று மட்டும் கேட்டு, அந்த அடுக்கை நடுவில் வைத்து மறுபடி பரப்ப வேண்டும். இப்படி மூன்று முறை. முதல் முறை முடிந்ததும் அந்தச் சீட்டு 8 முதல் 14-க்குள் அடைபட்டுவிடும். அடுத்த முறை 10, 11, 12 என்று சுருங்கும். மூன்றாவது முறை 11-ஆம் இடம், அவ்வளவுதான். மனதைப் படிப்பதெல்லாம் இல்லை. இதில் நமக்கு ரகசியத்தைச் சொல்பவர் நினைத்தவரேதான். இதன் 27 சீட்டு வடிவத்தைப் பிரெஞ்சுக் கணிதர் ஜெர்கோன் இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே ஆராய்ந்துவிட்டார்.

"நானே வெட்டினேன், அப்புறம் எப்படி வரிசை தெரியும்?" என்பது இன்னொரு நம்பிக்கை. வெட்டினால் தொடக்கம்தான் மாறும், வரிசை மாறாது. பட்டுத் தறியில் ஜக்கார்டு பெட்டிக்கு ஓடும் அட்டை மாலையைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்: எந்த அட்டையிலிருந்து தொடங்கினாலும் அடுத்து வரும் அட்டை அதேதான்.

இதை வைத்தே ஓர் அழகான வித்தை உண்டு. எட்டுச் சீட்டுகளைக் கறுப்பு, சிவப்பு, சிவப்பு, சிவப்பு, கறுப்பு, சிவப்பு, கறுப்பு, கறுப்பு என்று அடுக்கி, எந்த இடத்தில் எந்தச் சீட்டு என்பதை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். யார் வேண்டுமானாலும் எத்தனை முறை வேண்டுமானாலும் வெட்டட்டும். பிறகு மூன்று பேர் மேலிருந்து ஆளுக்கொரு சீட்டு எடுக்கட்டும். "சிவப்பு வைத்திருப்பவர்கள் கை தூக்குங்கள்" என்று கேட்டால் போதும், மூவரின் சீட்டையும் சொல்லிவிடலாம். அடுத்தடுத்த மூன்று நிறங்கள் இந்தச் சுற்றில் ஒரு தடவைக்கு மேல் வருவதில்லை. யாருமே கை தூக்காவிட்டாலும் அது ஒரு பதில்தான்.

இது மேற்கத்தியக் கண்டுபிடிப்பு என்று நினைத்தால் அதுவும் பாதிதான் சரி. வடமொழி யாப்பில் 'யமாதாராஜபானஸலகாம்' என்று ஒரு நினைவுச் சூத்திரம் உண்டு. குறிலைக் கறுப்பு என்றும் நெடிலைச் சிவப்பு என்றும் வைத்து முதல் எட்டு எழுத்தைப் படித்தால் மேலே சொன்ன அதே அடுக்கு. கடைசி இரண்டு எழுத்தும் சுற்றி வந்து முதல் இரண்டின் அளவிலேயே நிற்கும். பெர்சி டயகோனிஸும் ரான் கிரஹாமும் கணித வித்தைகளைப் பற்றி 2011-இல் எழுதிய நூலில் இதைச் சொல்லியிருக்கிறார்கள். கும்பகோணத்தில் 2005-இல் சாஸ்த்ரா ராமானுஜன் பரிசு பெற்ற மஞ்சுள் பார்கவா, வித்தைகள் வழியே கணிதம் சொல்லும் வகுப்பையே பிரின்ஸ்டனில் நடத்தியிருக்கிறார்.

அந்த டயகோனிஸ் பதினான்கு வயதில் வித்தைக்காரரோடு ஊர் சுற்றக் கிளம்பியவர். பின்னாளில் டேவ் பேயருடன் சேர்ந்து, "ரெண்டு தடவை கலைத்தால் போதும்" என்ற நம்பிக்கையையும் உடைத்தார். கட்டை இரண்டாகப் பிரித்து, விளிம்புகள் ஒன்றுக்குள் ஒன்று போகும்படி சரசரவென்று கலைத்தால், 52 சீட்டுக்கு ஏழு முறையாவது வேண்டும் என்பது அவர்கள் 1992-இல் காட்டிய கணக்கு. நம் வீடுகளில் செய்வதுபோல் கையில் வைத்துக் கொத்துக் கொத்தாக மாற்றிப் போட்டால், ஆயிரக்கணக்கான முறை ஆகும். அதனால்தான் ரம்மியில் போன ஆட்டத்தில் செட் சேர்ந்திருந்த சீட்டுகள், கலைத்த பிறகும் கட்டுக்குள் அக்கம்பக்கமாகவே கிடக்கின்றன.