முதலாளி ஏன் ஊர் மாறுகிறார்?

வெங்காயம் செய்தவர்களுக்கு இதை அதிகம் விளக்கத் தேவையில்லை. வாடிக்கையாக வரும் லொறிக்காரர் ஒரு போகம் வராமல் விட்டுவிடுவார். உங்கள் வெங்காயத்தில் குறையிராது. வேறோர் ஊரில் அவருக்கு ஏதோ வசதி கிடைத்திருக்கும். தைத்த ஆடைத் தொழிலும் இப்படித்தான் நாடு விட்டு நாடு போனது.

எந்த நாட்டிலிருந்து எவ்வளவு ஆடை எடுப்பது என்று 1974இல் பணக்கார நாடுகள் 'கோட்டா' வகுத்தன. தென் கொரியா, ஹொங்கொங் முதலாளிகள் தங்கள் கோட்டா போதாமல், கோட்டா மிஞ்சியிருந்த நாடுகளைத் தேடினர். இலங்கை 1978இல் கட்டுநாயக்காவில் சுதந்திர வர்த்தக வலயம் அமைத்து, வரிவிடுமுறை கொடுத்து முதலீட்டாளரை அழைத்தது.

பங்களாதேசத்தில் நடந்தது சற்று வேறு. தேஷ் கார்மென்ட்ஸ் என்னும் உள்ளூர்க் கம்பனி கொரியாவின் டேவூவுடன் ஒப்பந்தம் செய்து, 1979இல் 130 பேரைப் பயிற்சிக்குக் கொரியா அனுப்பியது. அவர்கள் தையலை மட்டுமல்ல, தரம் பார்ப்பதையும் ஆலை நடத்துவதையும் பழகி வந்தனர். சில ஆண்டுகளில் டேவூவுடனான ஒப்பந்தம் முடிந்தது. பயிற்சி பெற்றவர்களில் பெரும்பாலானோர் தேஷை விட்டு விலகி, தாமே ஆலை தொடங்கினர் அல்லது வேறு ஆலைகளுக்குப் போயினர். அந்தக் கம்பனிக்கு அது நட்டந்தான். நாட்டுக்கோ ஒரு தொழிலே பிறந்தது. காணியை விட்டு ஓடிவந்தாலும் நாற்று நடும் கை நம்மோடு வந்ததல்லவா?

2005 ஜனவரி 1இல் கோட்டா ஒழிந்தது. பங்களாதேசத் தொழில் படுத்துவிடும் என்று பலர் பயந்தனர், அது வளர்ந்தது. கைத்திறன் மட்டும் காரணமல்ல. குறைந்த கூலியும், 2001இல் ஐரோப்பா கொடுத்த வரிச் சலுகையும் சேர்ந்தன. அந்தக் குறைந்த கூலித் தொழிலின் மறுபக்கத்தை 2013 ஏப்ரலில் ரானா பிளாசாக் கட்டடம் இடிந்து 1,100க்கு மேற்பட்டோர் இறந்தபோது உலகம் கண்டது.

மலிவில் போட்டியிட முடியாத இலங்கை, உள்ளாடை, விளையாட்டு உடை போன்ற நுட்பமான தையலுக்கு மாறியது. துணியில் பெரும்பகுதி இன்னும் வெளியிலிருந்தே வருகிறது. 2010 ஆகஸ்ட்டில் மனித உரிமைக் காரணங்களால் ஐரோப்பிய வரிச் சலுகையை இழந்தது. அது திரும்பக் கிடைக்க 2017 மே ஆயிற்று.

2018இல் அமெரிக்கா சீனப் பொருள்களுக்கு வரி ஏற்றியதும் பல கம்பனிகள் வியட்நாம் பக்கம் திரும்பின. இப்படி ஓடும் முதலீட்டுக்கு வரிவிடுமுறை கடிவாளமாகாது.

குழுவாகப் பேசுவதற்கு: போருக்குப் பின் வன்னிக்கும் ஆடைத் தொழிற்சாலைகள் வந்தன. அங்கே வேலைக்குப் போகும் உங்கள் மகள் ஐந்து ஆண்டில் என்ன கற்றிருப்பாள்? இயந்திரம் திருத்தவா, கணக்குப் பார்க்கவா, சேட்டுக் கொலர் மட்டும் தைக்கவா?