திரையில் புள்ளி ஏறவில்லையா?

பெரம்பலூர், அரியலூர் பக்கம் ஜாவாவில் புராஜெக்ட் செய்யும் பிள்ளைகளுக்கு. காரைப் பாறைக்காட்டில் அம்மோனைட் என்ற புதைபடிவக் கல் பொறுக்கும் விளையாட்டு என்று வைத்துக்கொள்வோம். (நிஜக் காரையில் பொறுக்காதீர்கள், வாரணவாசி அருங்காட்சியகத்தில் பார்க்கலாம்.) ஒரு கல்லுக்கு 10 புள்ளி. கிளிக் செய்தால் கல் மறைகிறது, மேலே புள்ளி மட்டும் 0-விலேயே நிற்கிறதா?

1. மாறியில் எண் கூடினால் ஜேலேபிளுக்குத் தானாகத் தெரியாது. உருவாக்கும்போது கொடுத்த எழுத்தையே அது காட்டிக்கொண்டிருக்கும். புள்ளியைக் கூட்டும் வரிக்கு அடுத்த வரியிலேயே செட்டெக்ஸ்ட் எழுதுங்கள். இரண்டையும் ஒரே மெத்தடில் வைத்து, எங்கிருந்தும் அதையே அழையுங்கள்.

2. செட்டெக்ஸ்ட் எழுதியும் மாறவில்லையா? பெரும்பாலும் லேபிள் இரண்டு இருக்கும். ஒவ்வொரு கிளிக்குக்கும் 'நியூ ஜேலேபிள்' போட்டால் திரையில் இருப்பது பழையதுதான். கிளாஸுக்குள் ஒரு தடவை அறிவித்து, ஒரு தடவை மட்டும் உருவாக்குங்கள்.

3. 90 வரை சரி, 100 வந்ததும் எண்ணின் இடத்தில் '...' தெரிகிறதா? இடம் போதவில்லை. லேபிளை அகலமாக்குங்கள்.

4. லேபிள் வைக்காமல் எண்ணைப் பேனலில் வரைபவர்கள் பெயின்ட்காம்போனென்ட்டின் முதல் வரியில் சூப்பரை அழைக்க வேண்டும். விட்டால் பழைய எண்மேல் புது எண் ஏறி எதுவும் படிக்க முடியாது. பெயின்ட்காம்போனென்ட்டை நீங்களே நேரடியாக அழைக்காமல் ரீபெயின்ட் சொன்னால் போதும்.

5. நேரம் குறைவதைக் காட்ட பட்டன் வேலைக்குள் த்ரெட் ஸ்லீப் போடவே கூடாது. திரையை வரைவதும் கிளிக்கைக் கவனிப்பதும் ஒரே த்ரெட். அதைத் தூங்கவைத்தால் ஜன்னலை மூடும் பொத்தான்கூட வேலை செய்யாது. ஸ்விங் டைமரில் 1000 மில்லிசெகண்ட் கொடுங்கள். ஜாவா யூட்டிலிலும் ஒரு டைமர் உண்டு. இம்போர்ட் வரியைப் பார்த்துக்கொள்ளுங்கள். டைமர் கொஞ்சம் தாமதமாகவும் அடிக்கலாம். ஒவ்வொன்றாகக் கழிப்பதைவிட, தொடங்கிய நேரத்தைக் குறித்துவைத்து மீதியைக் கணக்கிடுவதே சரி.

6. வேறு த்ரெடிலிருந்து லேபிளைத் தொடாதீர்கள். இன்வோக்லேட்டர் வழியாக அனுப்புங்கள்.

7. 'புள்ளி' என்ற சொல் கேள்விக்குறியாகவோ கிறுக்கலாகவோ வந்தால், கம்பைல் செய்யும்போது என்கோடிங் யூடிஎஃப்-8 என்று கொடுங்கள். ஜாவா 18 முதல் அது தானாகவே அமைந்துவிடும்; பழைய ஜாவா 8 உள்ள கணினிகளில் நாம்தான் சொல்ல வேண்டும்.

8. ஆசிரியரிடம் ஓடும் முன் புள்ளியைக் கன்சோலில் பிரின்ட் செய்து பாருங்கள். அங்கே 10, 20, 30 என்று ஏறினால் கணக்கு சரி. கோளாறு காட்டும் இடத்தில்தான்.