வேலையை மாற்றப்போகும் மகளுக்கு

ஜீயபுரம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

டீச்சர் வேலையை விட்டுவிட்டு, பெண்களும் மாற்றுத்திறனாளிகளும் திருநர்களும் எந்தச் சாதியில் பிறந்தவர்களும் சமமாக வேலை பார்க்க கம்பெனிகளுக்கு வழி சொல்லும் ஆலோசகராகலாமா என்று கேட்டிருக்கிறாய். தாராளமாகப் போ. உன் அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

அமெரிக்காவில் இந்த வேலைக்கு எவ்வளவு மவுசு இருந்தது! 2025 ஜனவரியில் டிரம்ப் அதிபராக வந்த கையோடு அரசுத் துறைகளில் அதை நிறுத்த உத்தரவிட்டார். பெரிய கம்பெனிகள் பலவும் பின்வாங்கிவிட்டன. முதலாளியின் நல்ல மனசை மட்டும் நம்பினால் இப்படித்தான் ஆகும். அதனால் நீ சட்டத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொள். 1995 சட்டத்தில் 7 வகையாக இருந்த ஊனங்களை 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 ஆக்கியது. தனியார் நிறுவனமும் சமவாய்ப்புக் கொள்கையை எழுதி வெளியிட வேண்டும் என்று அது சொல்கிறது. 20 பேர் வேலை பார்த்தால் அதைக் கவனிக்க ஒரு தொடர்பு அலுவலரும் வேண்டும். நம் துவாக்குடிப் பட்டறைகளில் எத்தனை பேருக்கு இது தெரிந்திருக்கும்? பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013 சட்டப்படி, 10 பேர் இருந்தாலே புகார்க் குழு அமைக்க வேண்டும். அதில் வெளியாள் ஒருவர் இருந்தாக வேண்டும். அந்த இடத்துக்கு நீ வரலாம். பெண்கள் நலனில் 5 ஆண்டு சமூகப்பணி அனுபவமோ, தொழிலாளர் சட்டம் போன்றவற்றில் பழக்கமோ விதிகள் கேட்கின்றன. ஒரு பெண்கள் அமைப்பில் இப்போதே சேர்ந்துவிடு.

உனக்குப் படிப்பு போதாது என்று கவலைப்படாதே. கரும்பலகை தெரியாததால் எழுதாமல் இருப்பவன் யார், கழிவறையில் தண்ணீர் இல்லாததால் மாதம் தவறாமல் லீவு போடுபவள் யார் என்று பார்த்துப் பார்த்துப் பழகிய கண் உன்னுடையது. அந்தக் கண்ணோடு ஆபீசுக்குள் போ. கூட்டத்தில் வாய் திறக்காதவர் யார், கேன்டீனில் தனியாகச் சாப்பிடுபவர் யார் என்று முதலில் பார். மேடை ஏறிப் பேசுவதற்கு முன், சக்கர நாற்காலியில் வரும் ஒருவரோடு அந்தக் கட்டடத்தைச் சுற்றி வா. ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளத்தில் சாய்தளம் போட வேண்டும். போட்டோவுக்காகச் செங்குத்தாகக் கட்டிவைத்திருப்பதை நீ நிறையப் பார்ப்பாய். அளந்து எழுதிக் கொடு. பாதி நாள் பயிற்சி எடுத்து, குரூப் போட்டோ பிடித்துவிட்டுக் கிளம்புகிற ஆளாக மட்டும் ஆகிவிடாதே.

இனிச் சொல்லப்போவதற்காகத்தான் இந்தக் கடிதமே எழுத உட்கார்ந்தேன். பெண்களைப் பற்றிப் பேசச் சொல்லிக் கூப்பிடுவார்கள், மாற்றுத்திறனாளிகளைப் பற்றியும் கூப்பிடுவார்கள். சாதி என்று எடுத்தால், "அது இங்கே கிடையாது டீச்சர்" என்பார்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவனையும் அவன் தங்கையையும் கூடப் படித்த பிள்ளைகளே வீடு புகுந்து வெட்டினார்களே, மறக்க முடியுமா? அதன்பின் அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. பள்ளிப் பெயர்களில் சாதி கூடாது, கையில் சாதிக் கயிறு கூடாது என்றெல்லாம் அது பரிந்துரைத்தது. அந்தக் கயிறு கட்டி வளர்ந்த பிள்ளைகள்தான் நாளைக்கு ஆபீசுக்கு வருகிறார்கள். கயிறு இல்லாவிட்டால் என்ன? "சொந்த ஊர் எது, எந்தத் தெரு, வீட்டில் கறி சாப்பிடுவீங்களா" என்று கேட்டே கண்டுபிடித்துவிடுகிறார்கள். 2023 பிப்ரவரியில் அமெரிக்காவின் சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தது. கடல் தாண்டியும் நம்மவர்கள் இதைச் சுமந்துகொண்டு போனதால்தானே அங்கே அப்படியொரு சட்டம் தேவைப்பட்டது? அதனால் நீ எழுதும் எந்தத் திட்டத்திலிருந்தும் சாதியை எடுத்துவிடச் சம்மதிக்காதே. எடுத்தால்தான் பணம் என்றால், அந்தப் பணம் நமக்கு வேண்டாம்.

ராஜினாமாவுக்கு அவசரப்படாதே. இந்தக் கல்வியாண்டு முடியட்டும். திருச்சி ஹோலி கிராஸ் கல்லூரியில் மறுவாழ்வு அறிவியல் துறை இருக்கிறது, போய் விசாரி. சைகை மொழி கற்க ஆரம்பி. ஆறு மாதச் செலவுக்குப் பணம் சேர்த்து வை. முதல் ஆலோசனையைச் சென்னைக்கோ பெங்களூருக்கோ கொண்டு போகாதே, நீ வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்துக்கே எழுதிக் கொடு. தாளாளர் என்ன பதில் சொன்னார் என்று எனக்கு எழுது.

உன்
பெரியம்மா